கட்டியவர் பெயர்

என் தமக்கையின் மகன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பிற்பகல் உறக்கம் முழுவதும் கலையாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மடியில் ஒரு தாளைப் போட்டுவிட்டு, "மாமா, நாளைக்குள்ளே இதை முடிச்சாகணும்" என்றான். தஞ்சாவூரின் சரித்திரச் சின்னங்கள் என்று தலைப்பிட்டு, அதன் கீழே கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்திருந்தார்கள்: சின்னத்தின் பெயர், கட்டியவர் பெயர், கட்டிய ஆண்டு, சமயம். ஒவ்வொரு கட்டமும் இரண்டு விரற்கடை அகலம். இதென்ன பிரமாதம் என்று பேனாவைத் திறந்தவன், முதல் வரியில் 'பெரிய கோயில்' என்று எழுதி, அடுத்த கட்டத்தில் 'ராஜராஜ சோழன்' என்று எழுதப்போன இடத்தில் கை நின்றுபோய், மறுநாட் காலையில் அவனை அழைத்துக்கொண்டு பஸ் ஏறும்படி ஆயிற்று.

எங்கள் ஊர் வலங்கைமான். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டால் தீபாவளிப் பட்டாசும், பங்குனி மாதத்துப் பாடைக்காவடியும் நினைவுக்கு வரும்; கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால், 1869-இல் இந்த ஊரில் பிறந்து, தம்முடைய ஆங்கிலப் பேச்சினால் ஆங்கிலேயரையே வசப்படுத்திய மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் பெயரையும் சொல்வார்கள். இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறோம். என் தகப்பனார் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லா. ஜில்லாவின் பெயர் மாறினாலும், கோர்ட்டு வழக்கோ, பெரிய வைத்தியமோ, கலியாண ஜவுளியில் கும்பகோணத்தில் மனம் நிறையாத பெண்களின் பிடிவாதமோ, எதுவானாலும் எங்களுக்குத் தஞ்சாவூரே தலைநகரம். பாபநாசம் வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால், சம்பா அறுத்த தாளடிகளுக்கு நடுவே உளுந்தும் பயறும் பச்சை விரித்துக் கிடக்கும் வயல்களும், ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்துப் பள்ளிவாசல் மினாராக்களும், ஐயம்பேட்டைக் கடைத்தெருவும், பசுபதிகோயிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். 'சமயம்' என்ற கட்டத்தை நிரப்புவதற்கு அந்தப் பிரயாணமே போதுமான பாடம். பையன் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தான்.

பெரிய கோயிலுக்குள் நுழைகிறவர்கள் காலத்தில் பின்னோக்கி நடக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீதியை ஒட்டி முதலில் நிற்பது மராட்டியர் வாயில். அதைக் கடந்தால், சேர நாட்டை வென்றதனால் ராஜராஜன் பூண்ட விருதைத் தாங்கி நிற்கும் கேரளாந்தகன் திருவாயில். அதற்கும் உள்ளே ராஜராஜன் திருவாயில். எட்டு நூற்றாண்டுகளை நூறு தப்படியில் கடந்து உள்ளே போனவுடன், கண்ணை மறைத்துக்கொண்டு ஒற்றைக் கல்லில் படுத்திருக்கும் நந்தி, சோழர் காலத்ததன்று. அது நாயக்க மன்னர்கள் வைத்தது. அதற்கு வடபுறம் இருக்கும் அம்மன் சந்நிதி பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. வடமேற்கே, தந்தத்தில் செதுக்கினாற்போலக் கருங்கல்லில் நுணுக்கம் காட்டும் சுப்பிரமணியர் கோயில் மறுபடியும் நாயக்கர் கைவண்ணம். தென்மேற்கு மூலைப் பிள்ளையார் சந்நிதியை இப்போதுள்ள வடிவில் எழுப்பியவர் மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி. அந்தப் பிள்ளையாருக்குப் பக்கத்துச் சுவர்களில், போன்ஸ்லே வம்சத்தின் சரித்திரம் முழுவதையும் 1803-இல் மராட்டி மொழியில் அவர் வெட்டி வைத்திருக்கிறார். சோழன் தன் தானங்களைத் தமிழில் வெட்டிய கோயிலிலேயே, அவனுக்கு எண்ணூறு ஆண்டுகள் பின்வந்தவர், தம் குலத்தின் கதையைத் தம் தாய்மொழியில் வெட்டிக்கொள்ள இடம் தேடியிருக்கிறார். வேறு எங்கே வெட்டினாலும் அது நிலைக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"அப்போ யார் பேரை எழுதறது, மாமா?" என்றான் பையன்.

இதற்கு ராஜராஜனே ஓர் உத்தரம் சொல்லியிருக்கிறான். தன் ஆட்சியின் இருபத்தைந்தாம் ஆண்டில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்த அந்தச் சக்கரவர்த்தி, ஸ்ரீவிமானத்துக் கல்லிலே எவற்றை வெட்டவேண்டும் என்று ஆணையிட்டபோது, தான் கொடுத்தவற்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை; தன் தமக்கை குந்தவை கொடுத்தவையும், தன் தேவிமார் கொடுத்தவையும், மற்ற யார் யார் என்ன கொடுத்தார்களோ அவையும் சேர்த்தே வெட்டப்படவேண்டும் என்றான். குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயர் அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது. தளிச்சேரிகளில் குடியேற்றப்பட்ட நானூறு ஆடல்மகளிரின் பெயர்கள், அவரவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்ற விவரத்தோடு இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கும் இருக்கிறது. கட்டியவர் பெயருக்கு அவன் ஒதுக்கிய இடம் இரண்டு விரற்கடை அல்ல. தமக்கையைச் சொன்ன தம்பியைப் பற்றி என் தமக்கையின் மகனிடம் சொல்லும்போது எனக்குச் சிறிது பெருமையாகவே இருந்தது. அவனுக்கு அதெல்லாம் புரிந்ததாகத் தெரியவில்லை.

கோயிலின் பெயரும் இப்படித்தான். கட்டியவன் இட்ட பெயர் ராஜராஜீச்சரம். சுவாமி பெருவுடையார். பிற்காலத்தில் சம்ஸ்கிருதச் செல்வாக்கு மிகுந்தபோது பிரகதீசுவரர். யுனெஸ்கோ 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோதும் அந்தப் பெயராலேயே ஏற்றது. ஊர் ஜனங்களோ எவரையும் கேட்காமல் பெரிய கோயில் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கோயிலில் எனக்கு மிகவும் பிரியமான இடம், சாமானியர்கள் போக முடியாத இடம். கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே இருட்டாக ஓர் உட்சுற்று இருக்கிறது. அதன் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்தவர்கள் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, உதிர்ந்துகொண்டிருந்த மேற்பூச்சின் ஓரத்தில் வேறொரு வர்ணம் எட்டிப் பார்ப்பதைக் கண்டார். சுந்தரர் வெள்ளை யானை மேலும் சேரமான் பெருமாள் குதிரை மேலும் கயிலைக்குப் போகும் காட்சியும், முப்புரம் எரித்த பெருமானின் உக்கிரமும், ராஜராஜனும் கருவூர்த் தேவரும் என்று பலர் கருதும் இரு முகங்களும், ராஜராஜன் காலத்து வர்ணத்திலேயே சுண்ணாம்புக்கு அடியில் நூற்றாண்டுக் கணக்கில் படுத்திருந்தன. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில், மரண வாயில்வரை போய்ப் பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாகப் பாடையில் படுத்து, வாய்க்கரிசி தவிர மற்றச் சடங்கெல்லாம் நடக்கத் தூக்கிக்கொண்டு வரப்பட்டு, சந்நிதியில் எழுந்து உட்காருவார்கள். தஞ்சாவூர் ஓவியங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாடைதான் ஞாபகம் வருகிறது. பிற்பாடு தொல்லியல் துறையினர், மேலே இருந்த நாயக்கர் ஓவியங்களையும் சிதைக்காமல் பூச்சோடு உரித்தெடுத்துப் பலகையில் ஏற்றிக் காப்பாற்றினார்கள் என்பது இன்னொரு சாமர்த்தியம்.

இதில் ஒரு விந்தையான ஒற்றுமை. அதே 1931-இல், இஸ்தான்புல் நகரத்து ஹகியா சோபியாவில், பைசாந்தியச் சக்கரவர்த்திகளின் காலத்துக் கிறிஸ்தவச் சித்திரங்களைச் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியிலிருந்து வெளிக்கொண்டுவரும் வேலை தொடங்கியது. 1453-இல் மசூதியாக மாறிய மாதா கோயில் அது; அங்கே சமயம் மாறியது, ஆகவே சித்திரத்தின்மேல் பூச்சு விழுந்தது என்று காரணம் சொல்லிவிடலாம். தஞ்சாவூரில் சமயம் மாறவில்லை. அதே லிங்கம், அதே பூஜை, அதே புராணக் கதைகள். இருந்தும் நாயக்கருடைய ஓவியர்கள் சோழருடைய ஓவியர்கள்மேல் சுண்ணாம்பு பூசினார்கள். பழசை மூடுவதற்குச் சமயத் துவேஷம் அவசியமில்லை; புதுசாக ஒன்று எழுதவேண்டும் என்ற ஆசை போதும்.

அழிப்பதற்கும் அப்படியே. இந்த நகரத்தைத் தீக்கிரையாக்கியவன் பாண்டியன் மாறவர்மன் சுந்தரன். 1216-இல் பட்டம் ஏறியவன், தஞ்சையையும் உறந்தையையும் எரித்து, மாளிகைகளை இடித்து, அந்த நிலத்தில் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததாகத் தன் மெய்க்கீர்த்தியிலேயே பெருமையாகச் சொல்லிக்கொண்டான். நெல் விளையும் பூமியில் கவடி விதைப்பதைவிடப் பெரிய அவமானம் காவிரிக்காரனுக்குக் கிடையாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனும் சைவன்தான், எரிந்த நகரத்தின் அரசனும் சைவன்தான். ஆனால் அவன் கோபத்துக்கும் ஓர் எல்லை இருந்தது: பட்டினப்பாலை பாடிய புலவருக்குச் சோழன் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் அவன் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அரண்மனை போயிற்று, பெரிய கோயில் நின்றது. அந்த நூற்றாண்டிலேயே அதே பாண்டிய வம்சத்தின் காலத்தில் அங்கே அம்மனுக்குச் சந்நிதியும் எழுந்தது.

அன்னியர் ஆட்சியில் நடந்த இடிப்புக்கு நாகப்பட்டினத்துக்குப் போகவேண்டும். ஸ்ரீவிஜய நாட்டு அரசன் அங்கே எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே எழுதிக் கொடுத்தான். சிவபாதசேகரன் என்று விருது பூண்டவன் புத்தருக்கு நெல் அளந்தான். அந்த இடத்தில் கடற்காற்றையும் போர்களையும் தாங்கிக்கொண்டு எஞ்சி நின்ற பழைய கோபுரம் ஒன்றை, 1867-இல், யாரும் யாரோடும் சண்டை போடாத சமாதான காலத்தில், பாதிரிமார்கள் விண்ணப்பித்து, சர்க்கார் அனுமதி கொடுத்து, இடித்துத் தள்ளினார்கள். பாண்டியனுடைய தீயைவிட இந்தக் காகிதம் எனக்கு அதிக அச்சம் தருகிறது.

மற்றபடி, இங்கே வந்த அரசர்கள் பெரும்பாலோர் பழசோடு ஒட்டியே வாழ்ந்ததற்கு என்ன காரணம் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். பெருந்தன்மை என்று சொல்ல ஆசைதான்; ஆனாலும் நெல்லும் நீரும் என்பதே என் அபிப்பிராயம். கோயில் என்பது இங்கே சுவாமி இருக்கும் இடம் மாத்திரமல்ல. நிலமும், குத்தகையும், வாய்க்கால் முறையும், களஞ்சியமும் அதில் அடங்கியிருந்தன. விஜயநகரத்தின் தயவில் 1530-களில் தெலுங்கு பேசிக்கொண்டு வந்து அமர்ந்த சேவப்ப நாயக்கர் முதலில் செய்தவற்றுள், பெரிய கோயிலைச் சுற்றிச் சிவகங்கைக் கோட்டை எழுப்பியதும், சிவகங்கைக் குளத்தைச் சீர்படுத்தியதும், அதற்கு நீர் வர ஏரி வெட்டியதும் சேரும். அவரே தஞ்சாவூரிலிருந்த பக்கிரிகளுக்கு ஏழு வேலி நிலம் சர்வமானியமாக விட்டார். அவர் காலத்தில், சுமார் 1580-இல், கும்பகோணத்துக் கும்பேசுவரர் கோயிலில் வெட்டிய கல்வெட்டொன்று இன்னும் சுவாரசியமானது: புதிதாக வெட்டிய வாய்க்கால் திருவிளந்துறைப் புத்தர் கோயிலின் நிலத்தில் போனதனால், அதற்கு ஈடாக வேறு நிலம் கொடுத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில், சிவன் கோயில் சுவரில், வைஷ்ணவப் பேரரசுக்கு அடங்கிய ஒரு நாயக்கரின் ஆட்சியில், புத்தருக்கு நஷ்டஈடு! எங்கள் ஊரில் சாலையை அகலப்படுத்தியபோது நஷ்டஈட்டுக்காக அலைந்தவர்களைக் கேட்டால், இதன் அருமை தெரியும்.

வெயில் ஏறிவிட்டது. அரண்மனையைப் பற்றி விஸ்தாரமாக எழுதப்போவதில்லை. நாயக்கர் கட்டி, மராட்டியர் கூட்டி, பிறகு சர்க்கார் ஆபீசுகள் புகுந்து, யாரும் முழுதாகத் துரத்தப்படாத ஒரு கூட்டுக்குடும்பத்து வீடுபோல இருக்கிறது. 1951-இல் தொடங்கிய கலைக்கூடத்தில் சோழர் செப்புத்திருமேனிகள் நாயக்கர் கூடத்தில் நிற்க, அவற்றைப் பார்த்துக்கொண்டு சலவைக்கல்லில் சரபோஜி மன்னர் நிற்கிறார். அவரை வடித்தவன் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி. பக்கத்தில் சரஸ்வதி மகால். நாயக்கர்கள் தொடங்கிய ஏட்டறையை, தமிழ், தெலுங்கு, மராட்டி, சம்ஸ்கிருதச் சுவடிகளோடு ஐரோப்பியப் புத்தகங்களையும் வாங்கிச் சேர்த்துப் பெரிதாக்கியவர் அதே சரபோஜிதான். பையனுக்கு இவை எதுவும் ருசிக்கவில்லை. பீரங்கி மேட்டில், ரகுநாத நாயக்கர் காலத்து இருபது டன்னுக்கு மேற்பட்ட இரும்புப் பீரங்கியைக் கண்டபிறகுதான் முகம் மலர்ந்தது. அந்த ரகுநாதர்தான் 1620-இல் தரங்கம்பாடியில் டென்மார்க்குக்காரர்களுக்கு இடம் கொடுத்து, அவர்கள் அரசனுக்குப் பொன்னேட்டில் கடிதம் எழுதியவர். மிளகு வாங்க வந்த கப்பலைத் தொடர்ந்து, பின்னாளில் அந்த வழியாகவே பாதிரிமாரும் வந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் கட்டிய ஆலயம் சிவகங்கைக் குளத்தருகே இருக்கிறது. பெரிய கோயில் விமானத்தின் பார்வையிலேயே, நாயக்கர் கட்டிய கோட்டைக்குள்ளேயே, 1779-இல் எழுந்தது. பிரஷ்யாவிலிருந்து 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, மராட்டி கற்று, அரசர்களுக்கும் கும்பினியாருக்கும் நடுவே தூது போய், தஞ்சாவூரிலேயே 1798-இல் காலமான சுவார்ட்ஸ் பாதிரியாரின் கோயில் அது. ஹைதர் கலாபத்தில் வயல்கள் பாழாகி, கோட்டைக்குள் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, அரசாங்கத்துக்கு நெல் கொடுக்க மறுத்த கிராமத்தார், விலை கிடைக்கும் என்று பாதிரியார் வாக்குக் கொடுத்ததன்பேரில் வண்டிகட்டிக்கொண்டு வந்தார்கள் என்று படித்திருக்கிறேன். பாதிரியாரையும் இந்த மண் நெல்லை வைத்துத்தான் அளந்திருக்கிறது. உள்ளே ஒரு வெண்சலவைக்கல் புடைச்சிற்பம்: மரணப்படுக்கையில் பாதிரியார், அவர் கையைப் பற்றிக்கொண்டு நிற்பவர், தலைப்பாகையோடு சரபோஜி. அதையும் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தவர் அரசரே. சிறுவயதில் தத்தெடுக்கப்பட்டு, அரண்மனைப் பகையில் சிக்கிய அவரைக் காத்து வளர்த்தவர் சுவார்ட்ஸ். அப்படி வளர்ந்தவர், கிறிஸ்தவராகவில்லை. பெரிய கோயிலில் பிள்ளையாருக்குச் சந்நிதி கட்டினார், ஆசானுக்கு மாதா கோயிலில் சிலை வைத்தார், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்குக் கடற்கரையில் மனோரா எழுப்பினார். கடைசியாகச் சொன்னதை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. 1799-இல் தம்முடைய ராஜ்யத்தையே வாங்கிக்கொண்டவர்களின் வெற்றிக்கு எட்டு அடுக்கில் ஒரு ஞாபகச் சின்னம்! ஆனால் அவருடைய முன்னோரான பிரதாபசிம்மர் நாகூர் தர்காவில் எழுப்பிய 131 அடி மினாராவைப் பார்க்கும்போது, உயரமாக எதையாவது யாருக்காவது கட்டிக்கொடுப்பது அந்தக் குடும்பத்தின் சுபாவம்போலும் என்று சமாதானம் செய்துகொள்கிறேன்.

இன்றைக்கும் பெரிய கோயிலுக்கு எஜமானர் யார் என்று கேட்டால் நேரான விடை கிடையாது. சோழன் கட்டியது, மராட்டிய அரச குடும்பத்தார் பரம்பரை அறங்காவலராக இருக்கும் அரண்மனை தேவஸ்தானத்து 88 கோயில்களுள் ஒன்று, நிர்வாகத்தில் மாநில அறநிலையத்துறை, கல்லுக்கும் சுவருக்கும் மத்திய தொல்லியல் துறை. 1972-இல் ராஜராஜனுக்குச் சிலை செய்தபோது, அவன் கட்டிய கோயிலுக்குள் வைக்க மத்திய சர்க்காரின் அனுமதி கிடைக்காமல், அவன் வெளியே நின்று தன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 2015-இல் நூறாண்டு போல நின்றுபோயிருந்த தேர் மறுபடியும் ஓடியது. அது ஓடிய நான்கு ராஜவீதிகளும் சோழர் வகுத்தவையல்ல, நாயக்கர் நகரத்தின் வீதிகள். 2020 பிப்ரவரியில் கும்பாபிஷேகம் தமிழிலா சம்ஸ்கிருதத்திலா என்று வழக்கு நீதிமன்றம்வரை போய், இரண்டிலும் நடந்தது. கோயில் பழசு என்கிறார்கள். அதன்மேல் எழுதுவதை ஜனங்கள் இன்னும் நிறுத்தவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பையன் தாளை மடியில் விரித்து, 'கட்டியவர் பெயர்' என்ற கட்டத்தில், பென்சிலைக் கூர்சீவிக்கொண்டு, எறும்பு எழுத்தில் ஒவ்வொரு பெயராக எழுதினான். ராஜராஜன், குந்தவை, குஞ்சரமல்லன், பாண்டியர், சேவப்பர், சரபோஜி. இடம் போதாமல் அடுத்த கட்டத்துக்குள் புகுந்து, ஆண்டு எழுதவேண்டிய இடத்தில் நாயக்கர் படுத்துக்கொண்டார்கள். மார்க் குறைந்தால் நான் பொறுப்பல்ல என்று சொல்லிவைத்தேன்.

"எல்லாத்தையும் எல்லாரும் கட்டியாச்சு. யாருமே தொடாத இடம் ஒண்ணுகூட இல்லையா, மாமா?" என்று பாபநாசம் தாண்டும்போது கேட்டான்.

இருக்கிறது. அந்த ஓவியச் சுற்றுக்கு மேல்தளத்தில், சிவபெருமானே ஆடிக்காட்டும் நாட்டியக் கரணங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சாஸ்திரப்படி நூற்றெட்டு. எண்பத்தொன்று முடிந்த நிலையில், ஏனோ, உளி நின்றுவிட்டது. மீதி இருபத்தேழுக்கும் கல் நிறுத்தி, சதுரம் சமைத்து, தயாராக வைத்திருக்கிறார்கள். பாண்டியர் அதில் எதுவும் செதுக்கவில்லை. நாயக்கரும் மராட்டியரும் தொடவில்லை. கலெக்டர்களும் பெயர் வெட்டவில்லை. இருட்டில், வெறுங்கல்லாக, இருபத்தேழு கட்டங்கள்.

"அதுல நான் எழுதட்டுமா?" என்றான் பையன், வலங்கைமான் கடைத்தெருவில் இறங்கும்வரை அதே கேள்விதான்.